பூட்லோடரில் மெமரி அமைப்பு: ரோமிலிருந்து கெர்னல் வரை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் மராமத்துக்கு நிற்கும். மரவேலை, பெயின்ட், இன்ஜின் வேலை என்று ஆளாளுக்கு ஓடும் அந்த இரண்டு மாதம்தான் படகில் எலக்ட்ரானிக்ஸ் பெட்டி பொருத்துகிறவர்களுக்கும் சீசன். ஜிபிஎஸ் தடம் பதியும் பெட்டி, எக்கோ சவுண்டர் அளவைச் சேமிக்கும் பெட்டி என்று எதுவானாலும் உள்ளே இருப்பது ஓர் ஆர்ம் ப்ராசஸர், கொஞ்சம் டிடிஆர் மெமரி, ஓர் எஸ்டி கார்டு. மேசையில் நாள்கணக்கில் ஒழுங்காக ஓடிய பெட்டி, படகில் ஏறியதும் தகராறு பண்ணும். செல்ஃப் மோட்டார் இழுக்கும்போது பேட்டரி வோல்ட் சட்டென்று இறங்கும், போர்டு ரீசெட் ஆகும், திரும்ப எழும்போது பாதியில் நின்றுவிடும். "தம்பி, பெட்டி மறுபடியும் உறங்கிருச்சு" என்று படகுக்காரரான சம்மாட்டி போன் போடுவார்.

உடனே பவர் சப்ளையைத்தான் குறை சொல்வோம். அதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் பவர் திரும்பி வந்த பிறகும் போர்டு எழாவிட்டால், பூட்லோடர், அதாவது போர்டு எழுந்ததும் முதலில் ஓடி லினக்ஸ் கெர்னலை ஏற்றும் நிரல், மெமரியை எந்த வரிசையில் அமைக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையைப் பற்றியது. எடுத்துக்காட்டுக்கு பீகிள்போன் பிளாக் போர்டை வைத்துக்கொள்கிறேன். அதில் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335 வரிசைச் சிப், ஒரே ஒரு கார்டெக்ஸ்-ஏ8 கோர், 512 எம்பி டிடிஆர்3. அதன் கையேடு யாருக்கும் கிடைக்கும், அதில் ஓடும் யூ-பூட் என்ற பூட்லோடரின் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. 32 பிட் ஆர்மில் ஒருமுறை புரிந்துவிட்டால் 64 பிட்டுக்குப் போவது பெரிய வேலையில்லை.

எம்எம்யூ இங்கே எதற்கு?

கல்லூரியில் எம்எம்யூ (மெமரி மேலாண்மைப் பகுதி) என்றாலே விர்ச்சுவல் மெமரி, ஒரு ப்ராசஸை இன்னொன்றிடமிருந்து காப்பது என்றுதான் படிக்கிறோம். பூட்லோடரில் இரண்டும் கிடையாது. ஓடுவது ஒரே நிரல், எல்லா முகவரியும் உள்ளது உள்ளபடியே. பிறகு ஏன் எம்எம்யூ? எந்த முகவரி உண்மையான மெமரி, எந்த முகவரி ஒரு சாதனத்தின் ரெஜிஸ்டர் என்று ப்ராசஸருக்குச் சொல்ல வேறு வழியில்லை என்பதால். ஆர்ம்வி7-இல் எம்எம்யூ அணைந்திருக்கும்வரை எல்லா டேட்டா அணுகலும் 'ஸ்ட்ராங்லி ஆர்டர்ட்' வகையிலேயே, அதாவது நிரலில் உள்ள வரிசை மாறாமல், நடக்கும். மெமரியில் உள்ளதை ப்ராசஸருக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளும் வேகச் சேமிப்பான டேட்டா கேஷ் பயன்படாது. கெர்னலைக் கார்டிலிருந்து படித்து, அவிழ்த்து, சரிபார்க்கும் வேலையெல்லாம் ஆமை வேகத்தில் போகும். ஆக, எம்எம்யூ படிக்கும் பேஜ் டேபிள் என்பது இங்கே முகவரியை மாற்றும் அட்டவணை அல்ல, முகவரிக்குக் குணம் ஒட்டும் அட்டவணை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பது தெரியும்.

முதல் படி: ரோம் எதை விட்டுச் செல்கிறது

சிப்புக்குள் இருக்கும் பூட் ரோம், எஸ்டி கார்டின் ஃபேட் பகுதியில் 'எம்எல்ஓ' என்ற கோப்பைத் தேடி, சிப்பின் உள்ளேயே இருக்கும் சிறிய மெமரியான எஸ்ராமில் ஏற்றும். ஏஎம்335-இல் அந்தக் கோப்பின் உச்ச அளவு 109 கேபி. இதுதான் எஸ்பிஎல் எனப்படும் முதல் நிலை பூட்லோடர். டிடிஆர் இன்னும் விழிக்கவில்லை. பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு என்பதால் தள்ளி நங்கூரமிட்டிருக்கும் விசைப்படகை, சின்ன வள்ளத்தில் போய்த்தான் எட்ட வேண்டும். எஸ்ராம் அந்த வள்ளம் மாதிரி. அதில் கொள்வதை மட்டும்தான் ஏற்ற முடியும்.

ரோம் எம்எம்யூவை அணைத்தே விடும் என்று கையேடு சொன்னாலும், நம் முதல் வேலை ப்ராசஸரின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரான எஸ்சிடிஎல்ஆரை நம் கையால் ஒழுங்கு செய்வதுதான். பிட் 0 எம்எம்யூ, பிட் 2 டேட்டா கேஷ், பிட் 12 கட்டளை கேஷ், பிட் 13 வெக்டர் (பிழையோ இன்டரப்டோ வந்தால் தாவும் முகவரிகள்) இருக்கும் இடம். முதல் இரண்டையும் 13-ஐயும் சுழியாக்குங்கள். பிட் 12-ஐ மட்டும் போட்டுவிடலாம், ஏனென்றால் எம்எம்யூ இல்லாமலே கட்டளை கேஷ் வேலை செய்யும். செலவில்லாமல் கிடைக்கும் வேகத்தை ஏன் விடுவானேன்? போடும் முன் கட்டளை கேஷையும் கிளைக் கணிப்பானையும் செல்லாததாக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கூடவே இரண்டு வேலை. ஒன்று, ரோம் ஒரு வாட்ச்டாக்கை, அதாவது நேரம் தீர்ந்தால் போர்டை ரீசெட் செய்யும் டைமரை, மூன்று நிமிடத்துக்கு ஓடவிட்டிருக்கும். அதை நிறுத்துங்கள், இல்லையேல் உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, ரீசெட்டின் காரணத்தைச் சொல்லும் ரெஜிஸ்டரைப் படித்து, யூஆர்ட் (சீரியல் போர்ட்) வந்ததும் அச்சிடுங்கள். ஏஎம்335-இல் அதன் பிட் 0 கோல்டு ரீசெட், பிட் 1 மென்பொருள் வார்ம் ரீசெட், பிட் 4 வாட்ச்டாக். படகில் பெட்டி ஏன் எழுந்தது என்பதற்கு உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி இது. படித்த பிறகு அந்த பிட்டுகளை அழிக்க மறந்தால், நேற்றைய காரணமும் இன்றைய காரணமும் சேர்ந்து நின்று குழப்பும்.

இரண்டாம் படி: ஸ்டாக், பிஎஸ்எஸ், அலைன்மென்ட்

சி நிரல் ஓடுவதற்கு முன் ஐஆர்க்யூ, எஃப்ஐக்யூ என்ற இரண்டு இன்டரப்டுகளையும் மறைத்து, ப்ராசஸரை சூப்பர்வைசர் மோடில் வைத்து, ஸ்டாக்கை எஸ்ராமின் மேல்முனையில் 8 பைட் எல்லையில் நிறுத்த வேண்டும். தொடக்க மதிப்பு இல்லாத குளோபல் மாறிகள் இருக்கும் பிஎஸ்எஸ் பகுதியைச் சுழியாக்கும்வரை அவற்றில் எதையும் தொடாதீர்கள். யூ-பூட் இதனால்தான் ஆரம்பகட்டத் தகவல்களை ஒரே கட்டமைப்பில் வைத்து அதன் முகவரியை ஆர்9 ரெஜிஸ்டரில் சுமந்துகொண்டு போகிறது.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் அலைன்மென்ட். எம்எம்யூ அணைந்திருக்கையில் எல்லாம் ஸ்ட்ராங்லி ஆர்டர்ட் என்றேன் அல்லவா, அந்த வகை மெமரியில் நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து 4 பைட் படித்தால் உடனே டேட்டா அபார்ட் என்ற பிழை எழும். கம்பைலருக்கு இது தெரியாது. பேக் செய்த கட்டமைப்பைப் படிக்க அது தாராளமாக ஒழுங்கற்ற அணுகலைப் போட்டுவிடும். ஃபேட் கோப்பு முறையின் தலைப்பு அப்படிப்பட்டதுதான். ஆகவே எஸ்பிஎல்லைக் கம்பைல் செய்யும்போது, ஒழுங்கற்ற அணுகல் கூடாது என்ற தேர்வைக் கட்டாயம் கொடுங்கள். எம்எம்யூ போட்ட பின் அதே நிரல் ஓடும், போடும் முன் சாகும். இந்த முரண் தெரியாமல் கார்டை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு.

மூன்றாம் படி: டிடிஆரை எழுப்பி, நம்பாமல் சோதிப்பது

கடிகாரம், அதன் வேகத்தைப் பெருக்கும் பிஎல்எல், டிடிஆர் கட்டுப்படுத்தி, அதன் நேர அளவுகள் எல்லாவற்றையும் சிப் தயாரிப்பாளரின் கருவியும் மெமரிச் சிப்பின் தரவுத்தாளும் சேர்ந்து தரும். நான் சொல்ல வேண்டியது மூன்று.

முதலாவது, மின்சாரம் நிலைத்த பின் டிடிஆர்3-இன் ரீசெட் கம்பி குறைந்தது 200 மைக்ரோநொடி தாழ்ந்திருக்க வேண்டும், உயர்ந்த பின் கடிகார அனுமதிக்கு முன் இன்னும் 500 மைக்ரோநொடி. வோல்ட் சற்றே சரிந்து மீண்ட நிலையில் மெமரி ஏற்கெனவே எழுந்துதானே இருக்கிறது என்று இதைத் தாண்டிப் போகும் குறுக்குவழியை எழுதாதீர்கள். உள்ளே பாதி உயிரோடிருக்கும் டிடிஆர், முழுதாகச் செத்த டிடிஆரைவிட மோசம்.

இரண்டாவது, வெயில். டிடிஆர்3 சிப்பின் மேலோட்டு வெப்பம் 85 டிகிரி செல்சியஸ் வரை 7.8 மைக்ரோநொடிக்கு ஒரு ரெஃப்ரெஷ் (தரவு அழியாமல் மின்னேற்றத்தைப் புதுப்பிப்பது) போதும். 85 தாண்டி 95 வரை போனால் 3.9 மைக்ரோநொடி வேண்டும். கடிகாரம் 400 மெகாஹெர்ட்ஸ் என்றால் ரெஃப்ரெஷ் எண்ணிக்கை முறையே 3120, 1560. உப்புக்காற்று புகாமல் ரப்பர் வைத்து அடைத்த பெட்டி கத்தரி வெயிலில் கேபின் கூரைமேல் கிடந்தால், உள்ளே காற்று நகராது. இந்தக் கடற்கரைக்கு நான் 1560-ஐத்தான் வைப்பேன். மெமரி வேகத்தில் சற்றே இழப்பு, பரவாயில்லை. எண்ணிக்கையை மாற்றினால் மட்டும் போதாது, சிப்பும் அந்த வெப்பத்துக்கு உரிய வகையா என்று தரவுத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சோதனை. டேட்டா கேஷ் அணைந்திருக்கும் இந்த நேரத்தில்தான் சோதிக்க வேண்டும். கேஷ் போட்ட பின் சோதித்தால் எழுதியதும் படிப்பதும் கேஷுக்குள்ளேயே முடிந்து, மெமரி பிரமாதம் என்று பொய் சொல்லும். ஒரே முகவரியில் 1, 2, 4, 8 என்று ஒற்றை பிட்டை நகர்த்தி எழுதிப் படித்தால் டேட்டா கம்பிகள் தெரியும். அடிமுகவரியிலிருந்து இரண்டின் அடுக்குத் தூரங்களில் வெவ்வேறு மதிப்பை எழுதிப் பார்த்தால் முகவரிக் கம்பிகள் தெரியும். மெமரியின் அளவும் அதிலேயே வெளிப்படும். 256 எம்பி சிப்பில் 256-வது எம்பியைத் தாண்டி எழுதினால் அது சுற்றிக்கொண்டு அடிமுகவரியில் வந்து விழும். இந்த நிலையில் ஸ்டாக் எஸ்ராமில் இருப்பதால் டிடிஆரில் எங்கு வேண்டுமானாலும் எழுதலாம். பின்னால் அந்தச் சுதந்திரம் இருக்காது.

நான்காம் படி: அட்டவணை

ஆர்ம்வி7 பேஜ் டேபிளின் குறு வடிவத்தில் 4 ஜிபி முகவரி வெளியும் 1 எம்பி துண்டுகளாகப் பிரியும். 4096 துண்டு, ஒவ்வொன்றுக்கும் 4 பைட் வரி, மொத்தம் 16 கேபி. அந்த 16 கேபியும் 16 கேபி எல்லையில்தான் தொடங்க வேண்டும். 109 கேபியில் 16 கேபி பெரிய செலவு. டிடிஆர் எழுந்துவிட்டதால் அதன் மேல்முனையில் வையுங்கள், யூ-பூட்டும் அப்படித்தான் செய்கிறது.

ஒரு வரியில் மேல் 12 பிட் முகவரி, மீதி குணங்கள். எண்ணாகவே கூட்டிப் பார்க்கலாம். 1 எம்பி துண்டு என்பதற்கு 2. மெமரியின் வகையைச் சொல்லும் பி பிட்டின் மதிப்பு 4, சி பிட்டின் மதிப்பு 8, கட்டளை ஓடக்கூடாது என்னும் எக்ஸ்என் பிட்டின் மதிப்பு 16, முழு அனுமதி 3072, வகையையே சொல்லும் டெக்ஸ் பிட்டுகளில் கடைசியானது 4096. சாதாரண மெமரி, எழுதும்போதும் கேஷில் இடம்பிடிக்கும் வகை வேண்டுமானால் 2, 4, 8, 3072, 4096 சேர்ந்து 7182. சாதன ரெஜிஸ்டர் பகுதிக்கு 2, 4, 16, 3072 சேர்ந்து 3094. இந்த இரண்டு எண்ணை வைத்தே முக்கால்வாசி பூட்லோடரை எழுதிவிடலாம்.

இனி எதற்கு எது? முகவரியை 1 எம்பியால் வகுத்தால் வரி எண் வரும். பீகிள்போனில் டிடிஆர் ஹெக்ஸ் 80000000-இல் தொடங்குகிறது, அதாவது வரி 2048. 512 எம்பி என்பதால் 2559 வரை 7182. உள் எஸ்ராம் 1026, 1027 வரிகளில் விழும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அங்கேதான் இருக்கிறது, ஆகவே அதற்கும் 7182, எக்ஸ்என் கூடாது. கன்சோல் யூஆர்ட் இருக்கும் பகுதி 1100 முதல் 1103 வரை, மற்ற சாதனங்கள் 1152 முதல் 1167 வரை, ஈதர்நெட் இருக்கும் பகுதி 1184 முதல் 1199 வரை. இவற்றுக்கு 3094. டிடிஆர் கட்டுப்படுத்தியின் 1216-வது வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீதி எல்லாம் சுழி. சுழி வரி என்றால் அங்கே தொட்டதும் ஃபால்ட். யூ-பூட் முதலில் 4096 வரிகளையும் கேஷ் இல்லாதவையாக நிரப்பிவிட்டுப் பிறகு டிடிஆர் பகுதியை மட்டும் திருத்துகிறது. எத்தனையோ போர்டுகளில் ஓட வேண்டிய நிரலுக்கு அது சரி. ஒரே போர்டுக்கு எழுதும் நீங்கள் கறாராக இருக்கலாம். குறிப்பாக வரி 0 சுழியாக இருந்தால் நல் பாயின்டர் பிழை அங்கேயே மாட்டும். வெக்டர் அட்டவணையை விபார் ரெஜிஸ்டர் வழியே உங்கள் நிரலுக்கு மாற்றிவிட்டு இதைச் செய்யுங்கள்.

1 எம்பி துண்டு முரட்டு அளவு. எஸ்ராமின் வரி 1026-இல் உண்மையான மெமரி 64 கேபிதான், மீதி ஒதுக்கப்பட்ட வெளி. அதையும் கேஷுக்கு உரியது என்று சொல்வது மனதுக்கு ஒப்பவில்லை என்றால் அந்த ஒரு வரியை மட்டும் 4 கேபி பக்கங்களாகப் பிரிக்கலாம். அதற்கு இன்னொரு 1 கேபி அட்டவணை வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று டொமைன், அதாவது வரிகளைக் குழுவாக்கி ஒரே இடத்தில் அனுமதி சொல்லும் எண். வரிகள் எல்லாம் டொமைன் 0 என்று விட்டுவிட்டு, டிஏசிஆர் ரெஜிஸ்டரில் 'மேனேஜர்' என்று எழுதிவிடுவார்கள், அனுமதித் தொல்லை இருக்காது என்று. தொல்லை இருக்காது, ஆனால் மேனேஜர் டொமைனில் எக்ஸ்என் பிட்டும் மதிக்கப்படாது. ப்ராசஸர் முன்கூட்டி ஊகித்துக் கட்டளை எடுக்கப் போகும்போது சாதன ரெஜிஸ்டரையே படித்துவிடலாம். படித்தாலே காலியாகும் எஃபிஃபோ ரெஜிஸ்டர் அங்கே இருந்தால், யூஆர்டில் ஓர் எழுத்து காணாமல் போகும், எப்போதோ ஒருமுறை. காரணத்தைத் தேடி அலைய வேண்டியதுதான். 'கிளையன்ட்' என்று வையுங்கள். பதினாறு டொமைனுக்கும் சேர்த்து எழுத வேண்டிய மதிப்பு ஹெக்ஸ் 55555555.

ஐந்தாம் படி: சுவிட்சைப் போடுவது

ரீசெட்டுக்குப் பின் கேஷுக்குள் என்ன இருக்கும் என்பது கோருக்குக் கோர் மாறும். கார்டெக்ஸ்-ஏ53 ரீசெட்டில் தன் கேஷைத் தானே செல்லாததாக்கிக்கொள்ளும். ஏ8-உம் செய்யும், சிப் வடிவமைப்பாளர் அதை ஒரு கம்பி மூலம் தடுத்து வைக்காதவரை. கார்டெக்ஸ்-ஏ9 செய்யாது, மென்பொருள்தான் செய்ய வேண்டும். எல்லாக் கோருக்கும் செய்துவிடுவதே நல்லது. ஆனால் சொல்லைக் கவனியுங்கள், 'இன்வேலிடேட்' (செல்லாததாக்குவது) மட்டும். 'கிளீன் அண்டு இன்வேலிடேட்' என்று பழக்கத்தில் எழுதினால் கேஷில் கிடக்கும் குப்பையை எல்லாம் நீங்களே டிடிஆரில் எழுதி வைப்பீர்கள்.

வரிசை இது. டேட்டா கேஷ், கட்டளை கேஷ், கிளைக் கணிப்பான், டிஎல்பி (பேஜ் டேபிள் வரிகளுக்கான கேஷ்) நான்கையும் செல்லாததாக்கு. டிடிபிஆர்0 ரெஜிஸ்டரை மட்டும் பயன்படுத்தும்படி டிடிபிசிஆரில் சுழி எழுது. டிடிபிஆர்0-இல் அட்டவணையின் முகவரி, அதன் கீழ் பிட்டுகள் தொடக்கத்தில் சுழியாகவே இருக்கட்டும், அட்டவணையைக் கேஷ் இல்லாமல் நேரடியாகப் படிக்கும். டிஏசிஆரில் மேலே சொன்ன மதிப்பு. பிறகு முந்தைய வேலை முடியும்வரை நிறுத்திவைக்கும் கட்டளைகளான டிஎஸ்பி, ஐஎஸ்பி. எஸ்சிடிஎல்ஆரில் எம்எம்யூ, டேட்டா கேஷ் பிட்டுகள். மீண்டும் ஐஎஸ்பி. அட்டவணையில் முகவரி உள்ளது உள்ளபடியே இருப்பதால் அடுத்த கட்டளை அதே இடத்திலிருந்து வரும், தாவ வேண்டியதில்லை.

அட்டவணையைக் கேஷ் அணைந்த நிலையில் எழுதியதால் அது நேராக மெமரிக்குப் போயிருக்கும். பின்னால் கேஷ் ஓடும்போது ஒரு வரியைத் திருத்தினால் கதை வேறு. அந்த வரியைக் கிளீன் செய்து (கேஷிலிருந்து மெமரிக்குத் தள்ளி), டிஎஸ்பி போட்டு, டிஎல்பியைச் செல்லாததாக்கி, மீண்டும் டிஎஸ்பி, ஐஎஸ்பி. இதில் ஒன்றை விட்டாலும் பத்தில் ஒன்பது முறை ஓடும். அதுதான் ஆபத்து.

ஆறாம் படி: டிஎம்ஏ

கேஷ் வந்துவிட்டது, எல்லாம் பறக்கும். அடுத்து எஸ்டி கார்டிலிருந்து படித்த கெர்னலில் செக்சம் தவறு என்று வரும். கார்டில் குறை இல்லை. கார்டுக் கட்டுப்படுத்தி டிஎம்ஏ முறையில், ப்ராசஸரைத் தொடாமல் நேராக டிடிஆரில் எழுதுகிறது, ப்ராசஸர் கேஷில் உள்ள பழையதைப் படிக்கிறது. சாதனம் படிக்கப் போகும் பஃபரை முன்னதாகக் கிளீன் செய்ய வேண்டும். சாதனம் எழுதப் போகும் பஃபரை முன்னும் இன்வேலிடேட் செய்ய வேண்டும், பின்னும் செய்ய வேண்டும். முன்னால் செய்யாவிட்டால் மெமரியில் இன்னும் எழுதப்படாத (அழுக்கு) கேஷ் வரி ஒன்று நடுவில் வெளியேறிப் புதிய தரவின் மேல் விழும். பின்னால் செய்யாவிட்டால் ஊகப் படிப்பில் உள்ளே வந்த பழைய வரி அப்படியே நிற்கும்.

பஃபர் கேஷ் வரியின் எல்லையில் தொடங்கி எல்லையில் முடிய வேண்டும். ஏ8-இலும் ஏ53-இலும் வரி 64 பைட், ஏ9-இல் 32. ஒரே வரியைப் பஃபரும் வேறொரு மாறியும் பகிர்ந்தால், இன்வேலிடேட் செய்யும்போது அந்த மாறியின் மதிப்பும் சேர்ந்து போகும். யூ-பூட்டில் இதற்கென்றே ஒரு மேக்ரோ இருக்கிறது. சொந்தமாக எழுதுகிறவர்கள் அந்த ஒழுங்கைத் தாங்களே காக்க வேண்டும்.

ஏழாம் படி: இடமாற்றமும் ஒப்படைப்பும்

ஏஎம்335-இல் எஸ்பிஎல் முழு யூ-பூட்டை ஹெக்ஸ் 80800000-இல் ஏற்றும். அது தன்னைத்தானே டிடிஆரின் மேல்முனைக்கு நகர்த்திக்கொண்டு கீழே இடம்விடும். அங்கே கெர்னல் ஹெக்ஸ் 82000000-இலும், போர்டில் உள்ள சாதனங்களை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ 88000000-இலும் வந்து அமரும். நிரலை நகலெடுத்த பின் டேட்டா கேஷைக் கிளீன் செய்து, கட்டளை கேஷைச் செல்லாததாக்கிவிட்டுத்தான் புதிய இடத்துக்குத் தாவ வேண்டும். நகலெடுத்த கட்டளைகள் டேட்டா கேஷில் நிற்கும், கட்டளை கேஷ் அங்கே எட்டிப் பார்க்காது.

32 பிட் லினக்ஸ் கெர்னல் கேட்பது தெளிவானது. எம்எம்யூ அணைந்திருக்க வேண்டும், டேட்டா கேஷ் அணைந்திருக்க வேண்டும், இன்டரப்ட் மறைந்திருக்க வேண்டும், ஆர்0-இல் சுழி, ஆர்2-இல் டிவைஸ் ட்ரீயின் முகவரி. கட்டளை கேஷ் எப்படி இருந்தாலும் சரி. அணைக்கும் வரிசையில் ஒரு நுணுக்கம். கேஷ் முழுவதையும் மெமரிக்குத் தள்ளி, பிட்டை அணைத்து, மறுபடி ஒருமுறை செல்லாததாக்குங்கள். முதல் தள்ளலுக்கும் அணைப்புக்கும் இடையில் ஊகமாக உள்ளே வந்த வரிகளை இரண்டாவது துடைக்கும். இந்த இடைவெளியில் சி ஃபங்ஷன் அழைப்பு வைக்காதீர்கள். ஸ்டாக்கில் எழுதிய திரும்பும் முகவரி கேஷிலும், படிப்பது மெமரியிலிருந்துமாக ஆகி எங்கோ தாவிவிடும். அசெம்ப்ளியில் எழுதுங்கள்.

64 பிட்டுக்குப் போகும்போது

ஆர்ம்வி8-இல் 4 கேபி பக்க அமைப்பில் 2 எம்பி, 1 ஜிபி துண்டுகள் கிடைக்கும். குணங்கள் வரியிலேயே இல்லாமல் மெய்ர் ரெஜிஸ்டரில் தனியே இருக்கும், வரி அதன் எண்ணை மட்டும் சுட்டும். கண்டிப்பான சாதன வகைக்கு 0, கேஷுக்கு உரிய மெமரிக்கு 255. இங்கே வரியில் அணுகல் கொடி பிட்டையும் போட வேண்டும். 32 பிட் பழக்கத்தில் அதை மறந்தால் எம்எம்யூ போட்ட அடுத்த கணமே ஃபால்ட். எந்த எக்ஸெப்ஷன் நிலையில் (ப்ராசஸரின் அதிகாரப் படிநிலை) ஓடுகிறீர்களோ அந்த நிலையின் ரெஜிஸ்டர்களையே எழுத வேண்டும். நிலை 2-இல் ஓடிக்கொண்டு நிலை 1-இன் ரெஜிஸ்டரைத் திருத்தினால் ஒன்றும் நடக்காது, பிழையும் வராது.

நின்றுவிட்டால் எங்கே பார்ப்பது

அபார்ட் கையாளியை எம்எம்யூ போடுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். அது பிழை நடந்த முகவரியைச் சொல்லும் டிஎஃப்ஏஆரையும் பிழையின் காரணத்தைச் சொல்லும் டிஎஃப்எஸ்ஆரையும் யூஆர்டில் அச்சிட்டால் போதும். டிஎஃப்எஸ்ஆரின் நிலை எண் 1 என்றால் அலைன்மென்ட், 5 என்றால் அந்த முகவரிக்கு அட்டவணையில் வரியே இல்லை, 9 என்றால் டொமைன், 13 என்றால் அனுமதி. 22 வந்தால் அது தாமதமாக வந்த வெளிப் பிழை, அப்போது டிஎஃப்ஏஆரை நம்பாதீர்கள். பெரும்பாலும் கடிகாரம் திறக்காத சாதனத்தைத் தொட்டிருப்பீர்கள். அச்சிடும் நிரலின் யூஆர்ட் முகவரியும் அட்டவணையில் இருக்க வேண்டும், இல்லையேல் பிழையைச் சொல்லப் போன இடத்திலேயே இன்னொரு பிழை.

மேசைச் சோதனையில், வோல்ட்டைத் திருகிக் குறைக்கக்கூடிய பவர் சப்ளையால் 12-லிருந்து 6 வரை சட்டென்று இறக்கி ஏற்றுங்கள், ரீசெட் காரணத்தை ஒவ்வொரு முறையும் பதிவு செய்யுங்கள். பெட்டியை மூடி, வெயிலில் வைத்து, உள்ளே சூடேறிய பிறகும் அதையே செய்யுங்கள். தடைக்காலம் முடியும் முன் இதைச் செய்து முடித்துவிட்டால் நல்லது. ஜூன் 14-க்கு அப்புறம் படகு கடலுக்குப் போய்விடும், பெட்டியைத் திறக்க அது கரைக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.